அட்ரீனல், தைராய்டு சுரப்பிகள் ஒருசேரச் செயலிழத்தல்: ஜான் எஃப். கென்னடியின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 35ஆவது குடியரசுத் தலைவரான ஜான் ஃபிட்ஜெரால்டு கென்னடி 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ மாட்டார் என்று லண்டன் மருத்துவர் ஒருவர் கருதினார் என்பதும், இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதையும் அவர் இரு சுரப்பிகளின் பணியை மாத்திரைகளால் ஈடுசெய்தே கழித்தார் என்பதும் பரவலாக அறியப்படாத செய்திகளாகும்.

அவருக்கு அட்ரீனல் சுரப்பிகள் செயலிழந்திருந்தன. பின்னர் தைராய்டு சுரப்பியும் குறைவாகச் சுரப்பது கண்டறியப்பட்டது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தச் சுரப்பிகளையே பகையாகக் கருதி அழிப்பதால் இத்தகைய இரட்டைக் குறைபாடு தோன்றக்கூடும். தன்னுடல் தாக்கு நோய்கள் எனப்படும் இவ்வகை நோய்கள் பல வேளைகளில் ஒன்றுடன் நிற்பதில்லை. அட்ரீனல் குறைபாடும் தன்னுடல் தாக்கு தைராய்டு நோயும் ஒருவரிடமே காணப்படுவதை ஜெர்மன் நோயியல் அறிஞர் மார்ட்டின் பென்னோ ஷ்மிட் 1926ஆம் ஆண்டு இரு நோயாளிகளிடம் கண்டு விவரித்தார். அவர் பெயரால் ஷ்மிட் நோய்த்தொகுப்பு என்றும், இன்றைய வகைப்பாட்டில் இரண்டாம் வகைப் பன்முகச் சுரப்பி நோய்த்தொகுப்பு என்றும் இது வழங்கப்படுகிறது. இவ்விரண்டுடன் முதல் வகை நீரிழிவு நோயும் சேர்ந்து வருவதுண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி. பெரும்பாலும் இளமையிலும் நடுவயதிலும் வெளிப்படும்.

இரு சுரப்பிகளின் பணி

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள இரு சிறு சுரப்பிகளே அட்ரீனல் சுரப்பிகள். இவற்றின் புறப்பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற நெருக்கடிகளை உடல் தாங்குவதற்குக் கார்டிசால் இன்றியமையாதது. குருதியின் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் அது தாங்கிப் பிடிக்கிறது. ஆல்டோஸ்டிரோன் உடலில் உப்பைத் தக்கவைக்கிறது. இரண்டும் குறைந்தால் சோர்வு, எடைக்குறைவு, பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் தலைச்சுற்றல், உப்பின் மீது மிகுந்த விருப்பம் ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றும். கார்டிசால் குறைந்ததை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அந்த ஹார்மோன் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால் முகம், கை மடிப்புகள், ஈறுகள், பழைய தழும்புகள் ஆகியவை கருக்கும். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855ஆம் ஆண்டு இந்நிலையை விரிவாக எழுதியதால் இது அடிசன் நோய் எனப்படுகிறது.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் உள்ள தைராய்டு சுரப்பி உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி ஆகியவை தோன்றும். சோர்வு இரு நோய்களுக்கும் பொதுவானது என்பதை நினைவில் கொள்க. ஒன்றைக் கண்டறிந்த மருத்துவர், மற்றொன்றைத் தேடாமல் விட்டுவிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

நோயுற்ற இளமை

கென்னடி 1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயது நிறையும் முன்பே செங்காய்ச்சலால் உயிருக்குப் போராடினார். பள்ளிப் பருவத்தில் வயிற்று வலி, எடைக்குறைவு, களைப்பு ஆகியவை அவரைத் தொடர்ந்து வருத்தின. 1934ஆம் ஆண்டு புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கிச் சோதனைகளுக்கு உட்பட்டார். பெருங்குடல் அழற்சி என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். ஒரு கட்டத்தில் இரத்தப் புற்றுநோயோ என்ற ஐயமும் எழுந்தது. அந்த வயிற்று நோய்க்கும் பின்னாளில் வந்த சுரப்பி நோய்களுக்கும் தொடர்புண்டா என்று மருத்துவ ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாக அது இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அதுவும் தன்னுடல் தாக்கு நோயே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1940ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். முதுகு வலி காரணமாகத் தரைப்படை அவரை ஏற்கவில்லை. தந்தையின் செல்வாக்கால் 1941இல் கடற்படையில் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் சாலமன் தீவுகளுக்கு அருகே அவர் தலைமையேற்ற பி.டி. 109 என்னும் சிறு போர்ப்படகின் மீது ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதி அதனை இரு துண்டாக்கியது. 13 பேரில் இருவர் இறந்தனர். தீக்காயமுற்ற வீரர் ஒருவரின் உயிர்காப்புச் சட்டைப் பட்டையைப் பற்களால் கவ்வி இழுத்தவாறே பல மணி நேரம் நீந்தி அவர் தீவொன்றைச் சேர்ந்தார். அட்ரீனல் சுரப்பிகள் முற்றிலும் அழிந்த ஒருவர், மருந்தின்றி இத்தகைய செயலை ஆற்றிப் பிழைத்திருக்க இயலாது. ஆகவே அப்போது அவருடைய சுரப்பிகள் ஓரளவேனும் இயங்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். தன்னுடல் தாக்கு அழிவு ஆண்டுக்கணக்கில் மறைவாக நடைபெறும். சுரப்பியின் பெரும்பகுதி அழிந்த பின்னரே அறிகுறிகள் வெளிப்படும்.

1947: லண்டனில் வெளிப்பட்ட நோய்

1946ஆம் ஆண்டு அவர் பாஸ்டன் பகுதியில் நாடாளுமன்றத்தின் கீழவைத் தேர்தலில் போட்டியிட்டார். பரப்புரையின்போது மெலிந்தும், தோல் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்திலும் காணப்பட்டார். ஜூன் மாத வெயிலில் நடந்த ஊர்வலம் ஒன்றின் முடிவில் மயங்கி விழுந்தார். போர்க்காலத்தில் தொற்றிய மலேரியா என்று குடும்பத்தினர் விளக்கம் கூறினர். தேர்தலில் வெற்றி பெற்றார். நோய்க்கு உரிய பெயர் கிடைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

1947ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அயர்லாந்திலிருந்து லண்டன் சென்றிருந்தபோது குமட்டல், வாந்தி, குறைந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் படுத்த படுக்கையானார். டேனியல் டேவிஸ் என்னும் மருத்துவர் அவரைச் சோதித்து அடிசன் நோய் என்று கண்டறிந்தார். அந்த இளைஞருக்கு எஞ்சியிருப்பது ஓராண்டு காலம்கூட இல்லை என்று கென்னடியின் தோழியிடம் அவர் தெரிவித்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. குவீன் மேரி கப்பலில் நாடு திரும்பியபோது, கத்தோலிக்க மரபின்படி இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு வழங்கும் நோயிற்பூசுதல் சடங்கு அவருக்குச் செய்யப்பட்டது. பொதுமக்களிடம் மீண்டும் மலேரியா என்றே கூறப்பட்டது.

அவருக்கு நேர்ந்ததை இன்று அட்ரீனல் நெருக்கடி என்கிறோம். தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி, மயக்கம், மிகக் குறைந்த இரத்த அழுத்தம், குருதியில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். வயிற்று நோய் என்றோ உணவு நச்சு என்றோ இது எளிதில் தவறாகக் கருதப்படும். வயிற்று நோயாளி என்ற முத்திரை இளமையிலேயே கென்னடியின் மீது விழுந்திருந்தது. இத்தகைய முத்திரை உள்ளவரிடம் புதிய நோயைக் கண்டறிவது எப்போதும் கடினம்.

டேவிஸ் அவ்வாறு கணித்ததில் வியப்பில்லை. அடிசன் காலந்தொட்டு இந்நோய் பெரும்பாலும் மரணத்தில் முடிந்து வந்தது. ஆயினும் சூழல் மாறிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்து வேதியியலாளர் டாடியூஸ் ரெய்க்ஸ்டீன் 1937ஆம் ஆண்டளவில் உருவாக்கிய டாக்கா என்னும் செயற்கை ஹார்மோன், உடலில் உப்பைத் தக்கவைக்க உதவியது. அதனைச் சிறு உருண்டைகளாக்கிக் கென்னடியின் தொடைத் தோலின் கீழ் சில மாதங்களுக்கு ஒருமுறை புதைத்து வந்தனர். பயணத்தின்போது மருந்து தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக உலகின் பல நகரங்களில் வங்கிப் பெட்டகங்களில் அதனைக் குடும்பத்தினர் இருப்பு வைத்திருந்ததாகக் கூறுவர். செல்வந்தருக்கு மட்டுமே இயன்ற ஏற்பாடு அது. ஆனால் அதன் உட்பொருள் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும்: இம்மருந்து ஒரு நாளும் தவறலாகாது.

டாக்கா உப்பை மட்டுமே காத்தது. நெருக்கடியைத் தாங்கும் ஆற்றலைத் தருவது கார்டிசோன். மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் 1948ஆம் ஆண்டு மூட்டழற்சி நோயாளிக்கு அதனை முதன்முதலில் செலுத்தினார். 1950ஆம் ஆண்டு ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்காலகட்டத்திலேயே கென்னடியும் கார்டிசோன் உட்கொள்ளத் தொடங்கினார். பத்தாண்டுகள் முன்னதாக நோய் முற்றியிருப்பின் அவருடைய பெயரை வரலாறு அறிந்திராது.

காய்ச்சலும் கத்தியும்

1951ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தம்பி ராபர்ட், தங்கை பாட்ரிசியா ஆகியோருடன் ஆசிய நாடுகளில் பயணம் செய்தார். புதுதில்லியில் பிரதமர் நேருவைச் சந்தித்தார். பயணத்தின் பிற்பகுதியில் கடும் காய்ச்சல் கண்டு ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள படைத்துறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சென்றது. பிழைக்க மாட்டார் என்றே உடனிருந்தோர் அஞ்சினர்.

நலமான அட்ரீனல் சுரப்பி, காய்ச்சலின்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்டிசால் சுரக்கிறது. சுரப்பி இல்லாதவர் அந்தக் கூடுதல் அளவை மாத்திரையாகவோ ஊசியாகவோ பெற வேண்டும். வழக்கமான அளவு மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டாலும் காய்ச்சல் நாளில் அது போதாது. காய்ச்சல் கண்டால் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவை இருமடங்கோ மும்மடங்கோ ஆக்கி, குணமானதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பது இன்று இந்நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் கற்பிக்கப்படும் விதியாகும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் ஊசி ஒன்றே வழி.

அடுத்த சோதனை 1954இல் வந்தது. முதுகு வலியால் ஊன்றுகோலின்றி நடக்க இயலாத நிலையில், முதுகெலும்பில் உலோகத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. அடிசன் நோய் உள்ளவருக்கு அத்தகைய பெரிய அறுவை சிகிச்சை அக்காலத்தில் உயிராபத்தானது. பாஸ்டன் நகரின் லேஹி மருத்துவமனை மருத்துவர்கள் அதனைச் செய்யத் தயங்கினர். நடக்க இயலாத வாழ்வைவிட இறப்பே மேல் என்ற மனநிலையில் கென்னடி இசைந்தார். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடைபெற்றது. சுரப்பியியல் வல்லுநர்கள் ஹார்மோன் அளவுகளை முன்கூட்டியே திட்டமிட்டு, அறுவைக்கு முன்னும் பின்னும் செலுத்தினர். எனினும் மூன்றாம் நாள் சிறுநீர்ப்பாதைத் தொற்று ஏற்பட்டு நினைவிழந்தார். மீண்டும் நோயிற்பூசுதல் செய்யப்பட்டது. மெல்லத் தேறினார். தகட்டைச் சுற்றித் தொற்று நீடித்ததால் 1955 பிப்ரவரியில் மற்றோர் அறுவையின் மூலம் அது அகற்றப்பட்டது. மே மாதம் செனட் அவைக்குத் திரும்பினார்.

அந்த அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவக் குழுவினர், அட்ரீனல் குறைபாடு உள்ளோர்க்கு அறுவை செய்யும் முறை குறித்து 1955ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியிட்டனர். அதில் விவரிக்கப்பட்ட மூவருள் ஒருவர் பெயர் குறிப்பிடப்படாத 37 வயது ஆண். அறுவை நடந்த நாள் உள்ளிட்ட விவரங்களை ஒப்பிட்டு, அவர் கென்னடியே என்பதை 1967இல் மற்றொரு மருத்துவர் வெளிப்படுத்தினார். நாடே தேடிக்கொண்டிருந்த உண்மை, நூலகத்தில் எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய இதழொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

தைராய்டு குறைபாடு: வரிசை ஏன் முதன்மையானது

1955ஆம் ஆண்டளவில் கென்னடிக்குத் தைராய்டு குறைபாடும் இருப்பது கண்டறியப்பட்டது. லையோதைரோனின் என்னும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை, 25 மைக்ரோகிராம் அளவில் நாளொன்றுக்கு இருமுறை வழங்கப்பட்டது. அவருடைய வாழ்க்கையில் இது பரபரப்பின்றிக் கடந்து போன நிகழ்ச்சி. வரலாற்று நூல்களும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மருத்துவ நோக்கில் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டியுள்ளது.

இரு சுரப்பிகளும் செயலிழந்த ஒருவருக்கு முதலில் ஈடுசெய்ய வேண்டியது அட்ரீனலே. தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும்போது உடல் இயக்கம் மந்தமாக இருப்பதால் கார்டிசாலின் தேவையும் குறைவு. இருக்கும் சிறிதளவு கார்டிசாலும் மெதுவாகவே சிதைகிறது. இந்நிலையில் அட்ரீனல் குறைபாட்டை அறியாமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் உடலின் வேகம் கூடும். எஞ்சியிருந்த கார்டிசால் விரைந்து கரையும். சில நாட்களிலோ வாரங்களிலோ அட்ரீனல் நெருக்கடி வெளிப்படும். நலம் தர வேண்டிய மாத்திரையே நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடும்.

கென்னடி தைராய்டு மாத்திரையைத் தொடங்கிய காலத்தில் ஏற்கெனவே பல ஆண்டுகளாகக் கார்டிசோன் உட்கொண்டு வந்தார். எனவே தைராய்டு ஹார்மோனால் அவருக்குத் தீங்கு நேரவில்லை. நம் நாட்டில் நிலைமை பெரும்பாலும் தலைகீழானது. தைராய்டு பரிசோதனை எளிதில் கிடைக்கிறது. சோர்வு என்று வருவோர்க்கு முதலில் செய்யப்படுவதும் அதுவே. அட்ரீனல் குறைபாட்டை எவரும் எளிதில் நினைப்பதில்லை. மேலும் ஒரு சிக்கல் உண்டு. சிகிச்சை தொடங்காத அடிசன் நோயில், தைராய்டு நலமாக இருப்பினும் டி.எஸ்.எச். அளவு ஓரளவு உயர்ந்து காணப்படலாம். ஸ்டீராய்டு தொடங்கியபின் அது தானே சீராவதும் உண்டு. ஆகவே தைராய்டு மாத்திரை தொடங்கியபின் சோர்வு குறைவதற்கு மாறாக மிகுந்தாலோ, வாந்தி, தலைச்சுற்றல், எடைக்குறைவு, தோல் கருத்தல் ஆகியவை தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தைராய்டு குறைந்தவர் பொதுவாக எடை கூடுவார். எடை குறைகிறது எனில் வேறொன்றைத் தேட வேண்டும் என்பதே பொருள். காலை நேரக் கார்டிசால் அளவு, தேவையெனில் அட்ரீனலைத் தூண்டிப் பார்க்கும் சோதனை ஆகியவற்றால் இதனை உறுதி செய்யலாம்.

1960: மறுப்பு

1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் சனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கு முன்பாக, போட்டியாளரான லிண்டன் ஜான்சனின் ஆதரவாளர்கள் கென்னடிக்கு அடிசன் நோய் உள்ளதென்று செய்தியாளர்களிடம் கூறினர். கென்னடி தரப்பு அதனை மறுத்தது. மறுப்பு மிகக் கவனமாகச் சொற்கள் தேர்ந்து எழுதப்பட்டது. அடிசன் விவரித்த காலத்தில் இந்நோய்க்குக் காசநோயே பெருங்காரணமாக இருந்தது. கென்னடிக்குக் காசநோய் இல்லை. ஆகவே மரபான பொருளில் அடிசன் நோய் இல்லை என்று கூறுவது சொல்லளவில் பொய்யன்று. பொருளளவில் முழு மெய்யும் அன்று. போர்க்காலத் துன்பங்களால் அட்ரீனல் சற்றே குறைவுற்றது என்ற தோற்றம் உருவாக்கப்பட்டது.

அந்த மறுப்பின் அரசியல் நியாயத்தை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடலாம். மருத்துவ வழியில் அது பிழையானது. காரணம் காசநோயாயினும் தன்னுடல் தாக்குதலாயினும், சுரப்பி அழிந்தபின் உடலுக்கு வேண்டிய ஹார்மோன் ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. இந்தியாவில் காசநோய் இன்றும் அட்ரீனல் அழிவுக்கு ஒரு காரணமாகத் தொடர்வதால், நம் மருத்துவர்கள் இரண்டையும் தேடுகின்றனர்.

அவ்வாண்டுத் தேர்தல் பரப்புரையின்போது கென்னடியின் மருந்துப் பை கனெக்டிகட் மாநிலத்தில் தவறிப்போயிற்று. அம்மாநில ஆளுநரைத் தொலைபேசியில் அழைத்து, அது பிறர் கையில் சிக்கிவிடாமல் தேடித் தருமாறு கேட்டுக்கொண்டார். அவருடைய மருத்துவர் ஒருவரின் அலுவலகத்தில் மருத்துவ ஆவணங்களைத் தேடிக் களவு முயற்சியும் நடந்தது. மருந்துப் பை தொலைந்தபோது அவர் அஞ்சியது, கண்டெடுப்பவர் அதன் பொருளைப் புரிந்துகொள்வாரே என்பதற்கு. இன்றைய நோயாளி விரும்ப வேண்டியது நேர் எதிரானது. மயங்கிக் கிடப்பவரின் சட்டைப் பையில் ஸ்டீராய்டு அட்டை இருந்து, அதனைக் காண்பவர் புரிந்துகொண்டால்தான் உயிர் பிழைக்கும். கென்னடி உலகுக்கு மறைத்தார். தம்மைச் சூழ்ந்த மருத்துவர்களுக்கு மறைக்கவில்லை. அறுவைக் கூடத்தில் நின்றோர் அனைவரும் அறிந்திருந்ததாலேயே 1954இல் அவர் உயிர் பிழைத்தார்.

இந்நோயை மறைப்போர் நம்மிடையேயும் உள்ளனர். திருமணப் பேச்சு, வேலை வாய்ப்பு, ஸ்டீராய்டு என்ற சொல்லின் மீதுள்ள அச்சம் எனக் காரணங்கள் பல. பல் பிடுங்கும் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் கூறாமல் இருந்துவிட்டுப் பின்னர் ஆபத்தான நிலையில் கொண்டுவரப்படுவோரை அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் எங்களைப் போன்றோர் பார்த்திருக்கிறோம். உறவினர் சொல் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்களும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ உடலின் தேவைக்கு மேல் ஸ்டீராய்டு உட்கொள்வது ஒரு நிலை. உடல் சுரக்க வேண்டியதைச் சுரக்காதபோது, குறைந்ததை மட்டும் ஈடுசெய்வது முற்றிலும் வேறு நிலை. இரண்டாவதில் மாத்திரையை நிறுத்துவதே நஞ்சு.

வெள்ளை மாளிகையில்

1961ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் 43ஆம் வயதில் பதவியேற்றார். வெயிலில் பழுப்பேறிய பொலிவான தோற்றம் அவருடைய நலத்தின் அடையாளமாகப் பாராட்டப்பட்டது. அந்நிறத்தில் நோயின் பங்கும் இருந்திருக்கக்கூடும். நாள்தோறும் அவர் கார்டிசோன் வகை மாத்திரைகள், உப்பைக் காக்கும் புளுட்ரோகார்டிசோன், தைராய்டு மாத்திரை ஆகியவற்றுடன் வயிற்றுக்கும் முதுகு வலிக்குமான மருந்துகளையும் உட்கொண்டார். பல மருத்துவர்கள் தனித்தனியே மருந்தளித்ததால் அவர்களுக்குள் பூசலும் மூண்டது. ஒரு நோயாளிக்கு ஒருவர் முதன்மை மருத்துவராக இருந்து அனைத்தையும் ஒருங்கிணைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1961 ஜூன் மாதம் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவர்கள் இரவோடிரவாகப் பெனிசிலின் செலுத்தி உடலைக் குளிர்வித்தனர். வெளியே எளிய நச்சுயிரிக் காய்ச்சல் என்று அறிவிக்கப்பட்டது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்ற 13 நாட்களிலும் அவர் ஹைட்ரோகார்டிசோனும் உப்பு மாத்திரைகளும் உட்பட வழக்கமான மருந்துகளை உட்கொண்டு வந்தார் என்பதை மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன. அந்நாட்களின் அவருடைய முடிவுகளை நோயோ மருந்தோ குலைத்ததாகச் சான்றில்லை என்பது அப்பதிவுகளை 2002ஆம் ஆண்டில் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக்கின் முடிவு. ஈடுசெய்யும் சிகிச்சை முறையாக அமைந்தால் பொறுப்பு மிக்க பணிகளை ஆற்ற இந்நோய் தடையாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அக்காலத்தில் ஸ்டீராய்டின் சரியான அளவு தெளிவாக அறியப்படவில்லை. தேவைக்கு மேற்பட்ட அளவு எலும்பை மெலியச் செய்யும். அவருடைய முதுகெலும்புத் தேய்வில் அதற்கும் பங்கிருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். இன்று பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு அல்லது மூன்று வேளைகளாகப் பிரித்து, விழித்தவுடன் பெரும்பகுதியாக வழங்கப்படுகிறது. அதற்கு ஈடான சிறு அளவு பிரெட்னிசலோனும் பயன்படுத்தப்படுகிறது. புளுட்ரோகார்டிசோன் பெரும்பாலும் 0.05 முதல் 0.2 மில்லிகிராம் வரை. தைராய்டுக்குத் தைராக்சின் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவுகளை மருத்துவரே நிர்ணயிக்க வேண்டும்.

இறப்புக்குப் பின்

பிணக்கூறாய்வின் அதிகாரபூர்வ அறிக்கையில் அட்ரீனல் சுரப்பிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவற்றின் இடத்தில் சுரப்பித் திசு கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதை, அந்த ஆய்வில் உடனிருந்தோர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து வெளிப்படுத்தினர். காசநோயால் அழிந்த சுரப்பியில் சுண்ணாம்புப் படிவு காணப்படுவதுண்டு. தன்னுடல் தாக்குதலில் சுரப்பி சுருங்கி மறைந்துவிடும். 2009ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை மருத்துவர் லீ மாண்டெல் இச்சான்றுகளைத் தொகுத்து, கென்னடிக்கு இருந்தது இரண்டாம் வகைப் பன்முகச் சுரப்பி நோய்த்தொகுப்பே என்று வாதிட்டார். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் 1956இலும் அட்ரீனலைத் தாக்குபவை 1957இலும்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. எனவே கென்னடிக்கு நோய் கண்ட 1947இல் இதனைக் குருதிச் சோதனையால் உறுதி செய்ய வழி இருக்கவில்லை. மாண்டெலின் முடிவு சூழ்நிலைச் சான்றுகளின் மீது நிற்பது. ஆயினும் அதற்கு வலுவூட்டும் மற்றொரு செய்தி உண்டு. கென்னடியின் தங்கை யூனிஸுக்கும் அடிசன் நோய் இருந்தது. மகன் ஜானுக்கு, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் என்னும் தன்னுடல் தாக்கு நோய் இருந்தது.

இந்நோய்த்தொகுப்பு குடும்பங்களில் தொடர்வது இயல்பு. ஆகவே அடிசன் நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை தைராய்டு, குருதிச் சர்க்கரை, பி12 வைட்டமின் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்குக் காரணமின்றி இன்சுலின் தேவை குறைந்து சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் அட்ரீனல் குறைபாட்டை ஐயுற வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரிடம் நீங்காத சோர்வு, எடைக்குறைவு, தோல் கருத்தல் காணப்பட்டால் குடும்பத்தில் உள்ள நோயைக் குறிப்பிட்டு மருத்துவரை அணுக வேண்டும். நோயாளி நினைவிழந்தாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ 108 ஊர்தியை அழைத்து, அட்ரீனல் குறைபாடு உள்ளவர் என்பதை முதல் வாக்கியமாகக் கூறுக. ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சிரைவழி உப்புநீரும் சோதனை முடிவுகளுக்காகக் காத்திராமல் உடனே தொடங்கப்பட வேண்டியவை.